பூ இல்லை, பூஞ்சை

என் வலது கண்ணின் நடுவில் இப்போது ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் முதலில் அதைப் பார்க்கிறார்கள், பிறகுதான் மல்லிகையைப் பார்க்கிறார்கள். என்ன ஆச்சு அக்கா என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. பாதி கேட்டுவிட்டு ரயில் வந்துவிட்டது என்று ஓடுகிறார்கள். இதில் பாதிக் கதை ஆபத்து. அதனால் முழுவதையும் எழுதிவைக்கிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்; கண்வலியை மட்டும் பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் ஸ்டேஷன் பக்கம் இருபத்து மூன்று வருடமாகப் பூ கட்டுகிறேன். ராணி அக்கா கடை என்றால் தெரியும். என் வீட்டுக்காரர் மணியம் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு ஒரே பெண், யாழினி. ஸ்காட்லாந்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். எதைப் பற்றி என்று பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் இந்தக் கதையின் கூத்து.

ஒரு கல்யாணத் தோரணத்துக்குத் தென்னங்குருத்து கிழித்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் தடவை கிழித்த கை. அன்றைக்கு ஈர்க்கு ஒன்று விசுக்கென்று திரும்பிக் கண்ணில் அடித்தது. தண்ணீர் வந்தது. முந்தானையை ஊதி ஒத்தடம் வைத்துக்கொண்டு தோரணத்தை முடித்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் கண் சிவந்தது. பூக்காரிக்கு மருந்துக்கா பஞ்சம்? இரண்டு நந்தியாவட்டையை எடுத்துக் கண்மேல் வைத்துக்கொண்டு படுத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. குளிர்ச்சியை நான் குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கடை அங்கிள் போன வருடம் கண் ஆபரேஷன் செய்தவர். மிச்சம் இருந்த சொட்டு மருந்தை அன்பாகக் கொண்டுவந்து கொடுத்தார். விட்டேன். இரண்டே நாளில் சிவப்பு பாதி போய்விட்டது. அங்கிளுக்கு ஒரு முழம் மல்லிகை சும்மா கொடுத்தேன். பிறகு டாக்டர் சொன்னார், அந்த மருந்து வீக்கத்தைக் குறைக்கும், ஆனால் கிருமியோடு சண்டை போட வருகிற நம் உடம்பின் ஆட்களையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும் என்று. அதாவது, திருடன் உள்ளே இருக்கும்போது காவல்காரனுக்குத் தூக்கமருந்து கொடுத்திருக்கிறேன்.

ஏழாம் நாள் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி. கிள்ளானிலிருந்து என் நாத்தனார் பாக்கியம் வந்திருந்தாள். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணி, கண்ணுல பூ விழுந்துருச்சு" என்றாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. எஸ்டேட்டில் வளர்ந்த எங்களுக்குக் கண்ணில் வெள்ளையாக எது வந்தாலும் பூதான். வயதானவர்களுக்கு வருகிற புரையும் பூ, அம்மை போட்ட தழும்பும் பூ. என் அப்பாவுக்குப் பூ விழுந்து, நன்றாக முற்றட்டும் என்று இரண்டு வருடம் காத்திருந்து, அப்புறம்தான் வெட்டினார்கள். ஐம்பத்தாறு வயதில் எனக்கும் வந்துவிட்டது, அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன். இன்னும் நான்கு நாள் போனது. பூ என்ற ஒரு சொல்லை நம்பி நான்கு நாள்.

பதினோராம் நாள் கண்ணுக்குள் யாரோ ஆணி வைத்துத் திருகுவதுபோல் வலி. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்று கிளினிக் டாக்டர் ஏசிவிட்டுக் கடிதம் கொடுத்து, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்.

அங்கே காத்திருக்கிற இடத்தில் எல்லாரும் ஒற்றைக் கண்காரர்கள். ஒருவருக்குப் பஞ்சு, ஒருவருக்குக் கைக்குட்டை, என்னைப்போல் சிலருக்கு முந்தானை. திரையில் நம்பர் ஓடுகிறது. கண் தெரியாத கூட்டத்துக்குத் திரையில் நம்பர் போடுகிற புத்தியை யார் கொடுத்தார்களோ. மணியம் பக்கத்தில் நின்று எனக்காகப் படித்துக்கொண்டே இருந்தார். அவர் கை என் தோளைவிட்டு எடுபடவில்லை. முப்பத்திரண்டு வருடக் கல்யாணத்தில் பொது இடத்தில் அவர் என்னைத் தொட்டு நின்றது அன்றைக்குத்தான்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண், எங்கள் யாழினி வயதுதான் இருக்கும். ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி, கத்திபோல் மெல்லிய வெளிச்சத்தைக் கண்ணில் பாய்ச்சிப் பார்த்தார். கருவிழிக்கு மேல் கடிகாரக் கண்ணாடிபோல் ஒரு படலம் மூடியிருக்கிறதாம். அதில் புண். புண்ணின் ஓரம் நேராக இல்லாமல் இறகுபோல் பிரிந்து பிரிந்து போகிறது என்றார். மரத்துப்போகிற மருந்து விட்டு, அந்தப் புண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். வலி இல்லை. ஆனால் நம் கண்ணைச் சுரண்டுவதை நம் கண்ணே பார்த்துக்கொண்டிருப்பது இருக்கிறதே, அதை எதிரிக்கும் நான் கேட்கமாட்டேன்.

சுரண்டியதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்து, "குலாட், ஆன்டி" என்றார். மலாயில் குலாட் என்றால் மழைக்காலத்தில் ரொட்டியிலும் செருப்பிலும் வருமே, அதுதான். கண்ணில் எப்படி வரும் என்று நான் முழித்தேன். பக்கத்தில் நின்ற மிஸ்ஸி, நர்ஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், நம்ம பிள்ளை, காஜாங்கிலிருந்து வேலைக்கு வருகிறவள். தமிழில் சொன்னால் புரியும் என்று, பூஞ்சை அக்கா, என்றாள். என் காதில் பூ மட்டும்தான் விழுந்தது. பாருங்கள், நான் அப்போதே சொன்னேன் பூ என்று, எனக்குத் தெரியும், எத்தனை மாதம் முற்றவிட வேண்டும் என்று கேட்டேன். மிஸ்ஸி சிரிக்கவில்லை. என் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

"பூ இல்லக்கா, பூஞ்சை. பூசணம். பூன்னா காத்திருக்கும். இது காத்திருக்காது."

பூசணம் என்றதும் நான் மணியத்தைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணுக்காக மட்டும் இல்லை. என் மகள் படிக்கிற படிப்பே பூசணம்தான்.

அதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் கிளம்பும்போது விமான நிலையத்தில் சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் நின்றோம். யாரோ, என்னம்மா படிக்கப் போகிறாய் என்று கேட்டார்கள். பூஞ்சை எப்படி வளர்கிறது என்று அவள் ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். நான் குறுக்கே விழுந்து, பூசணம் பார்க்கவா பிளேன் ஏறுகிறாய், என் கடையில் பழைய கூடையைத் திறந்தால் வேண்டிய மட்டும் கிடைக்குமே என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கிப்போனது. உள்ளே போகும்போது, போயிட்டு வரேன்மா, என்றாள். போயிட்டு வா என்று சொல்ல வேண்டும். நம் ஆட்கள் சாவு வீட்டில்தான் வரேன் என்று சொல்லாமல் கிளம்புவார்கள். நான், "போ" என்றேன். அவ்வளவுதான். அது கோபம் இல்லை, அவள் போகக்கூடாது என்ற ஆசை. ஆசை என் வாயில் வந்தால் ஏச்சாகத்தான் வரும்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் அப்பாவுக்கு வீடியோ போன் போடுவாள். நான் பூ கட்டிக்கொண்டே, சாப்பிட்டாளா கேளுங்க, குளிருக்குச் சட்டை இருக்கா கேளுங்க, என்று அவரைவிட்டுக் கேட்பேன். அவளும் அம்மா எப்படி இருக்காங்க என்று அவரைத்தான் கேட்பாள். போனை வாங்கிப் பேச எனக்கு ரோஷம். அவளும் என் வயிற்றில் பிறந்தவள்தானே, அதே ரோஷம். ஆனால் போன் வைத்த பிறகு, அந்தத் திரையில் இருக்கிற அவள் படத்தை நான் வாங்கிப் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. அவளை எப்போது நேரில் பார்ப்போம் என்று ஏங்காத நாள் கிடையாது.

அப்படி ஏங்கிய கண்ணுக்குத்தான் இப்போது ஆபத்து. வார்டில் சேர்த்தார்கள். பால்போல் வெள்ளையாக ஒரு சொட்டு மருந்து, தண்ணிபோல் இன்னொன்று, மணிக்கு ஒரு தரம், ராத்திரி பகல் கிடையாது. மிஸ்ஸிகள் வந்து எழுப்பிச் சொட்டு விட்டுவிட்டுப் போவார்கள். மருந்து புண்ணில் படும்போது எரியும். எரிச்சல் அடங்குவதற்குள் அடுத்த மணி. பில்லை நினைத்து முதலில் பயந்தேன். அரசு மருத்துவமனை என்பதால் அந்தப் பயம் சீக்கிரம் தீர்ந்தது. மற்றப் பயம் தீரவில்லை.

மணியத்திடம் ஒன்றே ஒன்று சொன்னேன். யாழினிக்குத் தெரியக்கூடாது. புத்தகம்போல் ஒன்று எழுதி முடிக்கிற நேரம் அவளுக்கு, மனசு கெடும். அவரும் தலையை ஆட்டினார். பாவம், மனிதருக்குக் கடையும் நானும் என்று இரண்டு பக்கமும் ஓட்டம். காலையில் கடையில் உட்கார்ந்து பூ கட்டுவார். தண்டவாளத்துக்கு நட்டு முறுக்கிய கை, மல்லிகையை என்ன பாடுபடுத்தியிருக்கும்! கட்டியதைப் போட்டோ எடுத்து வந்து காட்டுவார். ஒற்றைக் கண்ணால் பார்த்தாலே தெரியும், பாதிப் பூ தலைகீழாகத் தொங்கும். அந்த மாலையைப் போட்டுக்கொண்ட சாமி கோபித்துக்கொள்ளாததே பெரிது. வாடிக்கையாளர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லையாம். மத்தியானம் ரசம் சாதம் பிசைந்து கொண்டுவந்து, மறைவாகத் திரையை இழுத்துவிட்டு ஊட்டுவார்.

அப்படிப்பட்டவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். வார்டில் சேர்ந்த மூன்றாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. பூஞ்சையின் பேர் ஆங்கிலத்தில் நீளமாக எழுதியிருந்தது. டாக்டரிடம் மறுபடி கேட்கக் கூச்சம். அதனால், பொதுவாகத் தெரிந்துகொள்ளத்தான் என்று போட்டு, அந்தப் பேரை மகளுக்கே மெசேஜ் அனுப்பி, இது கண்ணில் வருமா என்று கேட்டிருக்கிறார். உலகத்தில் யாரிடம் கேட்கக்கூடாதோ அவளிடம். ஒரு நிமிடத்தில் போன் வந்தது. அவள் கேட்டது ஒரே கேள்வி: யார் கண்ணு?

வார்டில் திரைக்குப் பின்னால் அவர் திருடன்போல் நின்றுகொண்டு போனை என் முன்னால் நீட்டினார். மூன்று வருடம் கழித்து நேருக்கு நேர். அவள் இளைத்திருந்தாள். நான் பஞ்சு வைத்த கண்ணோடு இருந்தேன்.  நான்தான் ஆரம்பித்தேன், வழக்கம்போல் கோணலாக.

"உன் பூசணம் என்னைத் தேடி வந்துருச்சு பாரு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதுவிட்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, டாக்டர் என்ன மருந்து கொடுக்கிறார், எத்தனை மணிக்கு ஒரு தரம் என்று எல்லாம் கேட்டாள். சரியான மருந்துதான் என்றாள். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

மறுநாளும் கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும். சும்மா அழுதுகொண்டிருக்க வேண்டாம் என்று, என் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்கு விமான நிலையத்தில் நான் கேட்கவிடாமல் செய்த அதே விஷயம்.

பூஞ்சை நூல்போல் வளர்கிறதாம். நம் தலைமுடி அடியிலிருந்து வளரும். இது நுனியில் மட்டும் வளரும். புதிதாகத் தோல் கட்டுவதற்கு வேண்டிய சாமான் எல்லாம் சின்னச் சின்னப் பையாகப் பின்னால் தயாராகி, நூலுக்குள்ளேயே நுனிக்குப் போய்ச் சேர வேண்டும். எப்படிப் போகும்? உள்ளே ஒரு சட்டகம் இருக்கிறது என்றாள். உயிரணுவுக்கு எலும்புக்கூடு மாதிரி, ஆனால் எலும்புபோல் அசையாமல் நிற்காது. தேவைக்குத் தகுந்தபடி கட்டிக்கொண்டும் கலைத்துக்கொண்டும் இருக்கும். அதில் நீளமான நுண்குழல்கள் உண்டு. அவற்றின் மேலே கால் முளைத்த மாதிரி ஒரு பொருள் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறதாம்.

மணியம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தண்டவாளம்னு சொல்லேன்" என்றார்.

தண்டவாளமேதான் அப்பா, என்றாள். தூரப் பயணத்துக்கு அது. நுனிக்குக் கிட்டே போனதும் சரக்கை இறக்கி வேறு வழியில் ஏற்ற வேண்டும். அங்கே ஆக்டின் என்று இன்னும் மெல்லிய நார்கள். அவைதான் கடைசித் தூரம் கொண்டுபோய் நுனியில் சேர்க்கும். பைகள் நுனிக்கு அடியில் கூட்டமாக நிற்கும், ஒவ்வொன்றாகத் தோலோடு ஒட்டும், நுனி ஒரு மயிரிழை முன்னால் போகும். மறுபடி, மறுபடி. தண்டவாளம் கலைந்தால் நூல் கோணலாகப் போகும், நார் அறுந்தால் நுனியே வீங்கி நின்றுபோகும். மணியம் பெரிய ஸ்டேஷனில் சரக்கு மாற்றுவதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அப்பாவும் மகளும் ஒரே பாஷை பேசியதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அப்படியென்றால் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுக்க ஒரு மருந்து கொடுத்தால் என்ன என்று நான் கேட்டேன்.  அதைத்தான்மா மூன்று வருடமாகத் தேடுகிறோம், என்றாள். தோலில் வருகிற படைக்குக் கொடுக்கிற ஒரு பழைய மாத்திரை அப்படித்தான் வேலை செய்கிறதாம், ஆனால் கண்ணுக்கு ஆகாது. நம் உடம்பின் உயிரணுக்களிலும் ஏறக்குறைய இதே தண்டவாளம் இருப்பதால், அதனுடையதை மட்டும் பெயர்த்து நம்முடையதை விட்டுவைக்க வேண்டும். அதுதான் கஷ்டம். எனக்கு இப்போது விடுகிற மருந்து வேறு வழி, பூஞ்சையின் மேல்தோலை ஓட்டையாக்குகிறது.

ஒரு படமும் காட்டினாள். கறுப்புத் திரையில் பூஞ்சை நூல், அதற்குள் பச்சையாக மின்னுகிற கோடுகள், அதன் வழியாகப் புள்ளி புள்ளியாக ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. இடது கண்ணால் பார்த்தேன். அழகாக இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். என் கண்ணைத் தின்கிறது அழகாக இருக்கலாமா? இதைப் பார்க்கத்தான் என் பிள்ளை அவ்வளவு தூரம் போயிருக்கிறாள். நான் பதினைந்து பேர் முன்னால் பழைய கூடை என்று சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

வார்டில் எட்டாம் நாள் டாக்டர் மெஷினில் இரண்டு தடவை பார்த்தார். டாக்டர் இரண்டாம் தடவை பார்த்தால் நல்ல சேதி இல்லை. புண் ஆழமாகியிருக்கிறது, படலம் மெலிந்திருக்கிறது என்றார். ஓட்டை விழுந்தால், இறந்தவர் யாரோ தானம் கொடுத்த கண்ணின் படலத்தை எடுத்து ஒட்டுப்போட வேண்டும். அது கிடைக்காவிட்டாலோ, பூஞ்சை உள்ளே இறங்கிவிட்டாலோ, கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் ஒரு முயற்சியாக, மருந்தை ஊசியில் ஏற்றிப் புண்ணைச் சுற்றிப் படலத்துக்குள்ளேயே போடப் போவதாகச் சொன்னார். கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். கோடு எங்கே இருக்கிறது என்று மணியம் என் விரலைப் பிடித்துக் காட்டினார். 

அன்றைக்கு யாழினி கூப்பிட்டபோது விஷயத்தைச் சொன்னோம். அவள் கேட்டாள்.

"மா, நான் வரவா?"

வா என்று ஓர் எழுத்து. தொண்டைவரை வந்தது. அவள் எழுதி முடிக்க மூன்று வாரம்தான் இருந்தது. அதைவிட, வந்து கண்ணில்லாத அம்மாவைப் பார்க்கப்போகிறாளா என்ற பயம். "வேணாம். வேலைய முடி" என்றேன். அவள் சரி என்றாள். போனை வைத்ததும் அழுகை வந்தது. அந்தக் கண்ணால் அழுதால் எப்படி எரியும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். நல்ல கண்ணால் மட்டும் அழ யாராவது சொல்லிக்கொடுத்தால் தேவலை.

ஊசி இரண்டு தடவை போட்டார்கள். டாக்டர் தினமும் என் புண்ணைக் காகிதத்தில் வரைந்துவைப்பார். ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் படம் ஒரே அளவு. மூன்றாம் நாள் அவர் வெளிச்சத்தை அணைத்துவிட்டு என் கையைத் தட்டினார். இறகுபோல் இருந்த ஓரம் மழுங்கிவிட்டது என்றார். நுனி நின்றுவிட்டது. எனக்கு உடனே புரிந்தது. நுனி நின்றால் எல்லாம் நின்றது என்பதை என் மகள் எனக்குச் சொல்லியிருந்தாள். அந்த டாக்டர் பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் வெட்கப்பட்டார்.

வார்டில் சேர்ந்த இருபத்து நான்காம் நாள் வீட்டுக்கு வந்தேன். கண் இருக்கிறது. ஆனால் நடுவில் வெள்ளைத் தழும்பு. வலது கண்ணால் பார்த்தால் சாமந்தியின் மஞ்சள் தெரிகிறது, மல்லிகையின் வெள்ளை தெரிகிறது, எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது. ஒரு வருடம் போகட்டும், படலம் மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். பாக்கியம் வந்து பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பூ என்று சொன்னால் உதைப்பேன் என்றேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடித்தது. மணியம் எடுக்கப் போனார். நான் நூலைக் கீழே போட்டுவிட்டு அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். திரையில் என்னைப் பார்த்ததும் யாழினி திகைத்துவிட்டாள். உடனே படித்தவளாகிவிட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பு, மேலே பார், இமையை இழுத்துப் பிடி என்று வேலை வாங்கினாள். உற்றுப் பார்த்தாள். ஓரம் சுத்தமா இருக்கும்மா, பூஞ்சை செத்துப்போச்சு, இது வெறும் தழும்புதான், என்றாள். அந்தப் புத்தகத்தை எழுதி அனுப்பியாச்சு என்றும் சொன்னாள். நேற்றுத்தானாம்.

நான் இடது கண்ணை மூடிக்கொண்டேன். வலது கண்ணால் அவளைப் பார்த்தேன். கறுப்பாகத் தலைமுடி தெரிந்தது. சிவப்பாகச் சட்டை தெரிந்தது. நடுவில், முகம் இருக்கிற இடத்தில், வெள்ளையாக இருந்தது. மூடிய கண்ணைத் திறந்தேன்.

"அன்னிக்கு ஏர்போர்ட்டுல உன்கிட்ட ஒண்ணு பாதிதான் சொன்னேன். போன்னு சொன்னேன்ல?"

அவள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது என்று தெரிந்தது. மூன்று வருடம் அவளும் அதைத்தான் சுமந்திருக்கிறாள்.

"மீதி இருக்குடி," என்றேன். "வா."